தனிப் பானை வேண்டாம்

மருத்துவமனையில் கொடுத்த பரிசோதனைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிற மனிதரை நாம் எல்லோரும் அறிவோம். அவர் நம் அத்தாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், மூத்த சகோதரியாக இருக்கலாம், இப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் தாங்களாகவே இருக்கலாம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரையின் அளவு 126 மில்லிகிராமை எட்டிவிட்டது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. என்ற பரிசோதனையில் 6.5 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. மருத்துவர் மறுமுறையும் சோதித்துப் பார்த்து, 'நீரிழிவுதான்' என்று உறுதி செய்துவிட்டார். அன்று இரவு அந்த வீட்டின் சோற்றுப் பானையைச் சுற்றி நடப்பது என்ன என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். மருந்தைப் பற்றி மருத்துவர் சொல்லுவார். பானையைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

பெரும்பாலும் இரண்டு விதமாக நடக்கக் காண்கிறோம். ஒருவர் சீட்டை மறைத்துவிடுகிறார். வலியில்லை, காய்ச்சலில்லை, நடமாட்டத்தில் குறைவில்லை. பின் எதற்காக வீட்டாரைக் கலவரப்படுத்த வேண்டும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். வளைகுடா நாடுகளில் பணியாற்றும் நம் சகோதரர்களில் சிலர் இவ்வாறே ஊரிலுள்ள மனைவி மக்களுக்குத் தெரிவிக்காமல், ஓர் அறையில் பத்துப் பேரோடு தங்கி, நள்ளிரவில் பரோட்டாவும் குளிர்பானமுமாக உண்டு காலத்தைக் கடத்துகின்றனர். மற்றொருவர் இதற்கு நேர் எதிர். சீட்டு வந்த மறுநாளே துறவியாகிவிடுகிறார். சோற்றைத் தொடுவதில்லை, கறியைப் பார்ப்பதில்லை, பழத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணீருமே ஆகாரம். நாற்பது நாள் இந்த வைராக்கியம் நிற்கும். பிறகு நெருங்கிய உறவினர் வீட்டில் ஒரு வலீமா விருந்து வரும். அன்றோடு எல்லாம் முடிந்து, முன்னைக் காட்டிலும் அதிகமாக உண்ணத் தொடங்கிவிடுவார்.

புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசல் செல்லும் வழியில் சித்தன்னவாசல் குன்று இருக்கிறது. அங்குள்ள குடைவரையில், தாமரைக் குளமும் மீன்களும் யானைகளும் தீட்டப்பட்ட ஓவியங்களைக் காண்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வார்கள். குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்று வழங்கும் இயற்கைக் குகை ஒன்று உண்டு. பாறையில் வெட்டிய சிறு படிகளைப் பற்றிக்கொண்டு அங்கே சென்றால், வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு கற்படுக்கைகளைப் பார்க்கலாம். தலையணைக்குப் பதிலாகத் தலைமாட்டில் கல்லே சற்று உயர்த்திச் செதுக்கப்பட்டிருக்கிறது. படுக்கை ஒன்றின் அருகே பழந்தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமணத் துறவிகள் இங்கு வந்து தங்கிப் பசியையும் புலன்களையும் அடக்கித் தவம் புரிந்தனர். ஊரையும் உறவையும் அடுப்பங்கரையையும் கீழே விட்டுவிட்டு ஏறிவந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய உறுதியை எச்சமயத்தாரும் மதிப்பர்.

ஆனால் நீரிழிவு வந்தவருக்குக் குகை இல்லை. அவர் அதே வீட்டில், அதே சஃபில் அமர்ந்து, நெய்ச்சோற்றின் மணம் வந்துகொண்டிருக்கும்போதே தம் கையை அளவோடு நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒரு வகையில் இது குன்றின்மேல் இருப்பதைவிடக் கடினமானது. உலகைத் துறந்துவிடுவதை நம் மார்க்கம் கேட்கவில்லை. உலகுக்குள்ளேயே நின்று அளவைக் காக்கும்படி கேட்கிறது. உண்ணலாம், பருகலாம், வரம்பு கடத்தல் ஆகாது என்பது திருமறை காட்டும் வழி. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விட்டுவைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு, பயான் முடிந்தவுடன் மூன்று பங்கையும் பிரியாணிக்கே கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

நாற்பது நாள் துறவு ஏன் முறிகிறது? நோயாளியின் மனவுறுதி குறைவு என்றே வீட்டார் சொல்லுகின்றனர். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். குற்றம் தனிப் பானையில் இருக்கிறது. 'அத்தாவுக்கு மட்டும் கோதுமைக் கஞ்சி' என்று ஒரு சின்னப் பானை அடுப்பின் ஓரத்தில் ஏறுகிறது. மற்றவர்களுக்கு வழக்கம்போல் வெள்ளைச் சோறு, எண்ணெய் மிதக்கும் குழம்பு, மாலையில் பஜ்ஜி, இரவில் கடையிலிருந்து பரோட்டா. ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பதைப் பெருமையாகக் கருதும் சமுதாயத்தில், குடும்பத் தலைவர் ஓரமாகத் தம் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பேரப்பிள்ளை, 'நன்னா, உங்களுக்கு ஏன் இது மட்டும்?' என்று கேட்கிறது. நோய் தந்த வேதனையைவிட இந்தத் தனிமை பெரிது. சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பார். பிறகு யாரும் இல்லாத நேரத்தில் அடுப்பங்கரைக்குள் சென்று பெரிய பானையைத் திறப்பார்.

அந்தப் பெரிய பானைதான் மாற வேண்டும். பத்தியம் ஒருவருக்கு என்று வைத்தால் அது தண்டனை போலத் தோன்றும். வீட்டுக்கு என்று வைத்தால் அது வீட்டின் வழக்கமாகிவிடும். இது இரக்கத்தின் பொருட்டுச் சொல்வது மட்டும் அன்று. நீரிழிவு குடும்ப வழியாகவும் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு வந்துவிட்டதென்றால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய வாய்ப்பு மிகுகிறது. ஆகவே அத்தாவின் சீட்டில் எழுதியிருப்பது அத்தாவைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அவருடைய மக்களுக்கும் உடன்பிறந்தாருக்கும் வந்திருக்கும் முன்னறிவிப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான பேராய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்றும், அதன் வாசற்படியில் நிற்போர் 13 கோடிக்கு மேல் என்றும் கணக்கிட்டது. தமிழகத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. நோயாளியைவிட வாசற்படியில் நிற்பவர்களின் தொகை பெரிது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நம் பெரிய பானையைச் சுற்றித்தான்.

வாசற்படியில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப முடியுமா என்பதைச் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோய் முற்றாத நிலையில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் சொல்லப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு நாள்தோறும் நடையும் உணவில் ஒழுங்கும் கற்பிக்கப்பட்டன. இன்னும் ஒரு பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும். மூன்று ஆண்டுகளின் முடிவில் முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகளாகிவிட்டனர். நடையும் உணவொழுங்கும் கொண்டவர்களில் அது 39ஆகக் குறைந்தது. மாத்திரை கொடுத்த பயனை நடையும் உணவுமே கொடுத்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் விளையவில்லை. இன்னும் ஒன்று: இப்பயன் கிடைத்தவர்கள் உடம்பை இளைத்துத் துரும்பாக்கிக் கொண்டவர்கள் அல்லர், அவர்களுடைய எடையில் பெரிய மாற்றமே இல்லை. நம்மைப் போன்றவர்கள்தாம், நம் அரிசியும் குழம்பும் உண்டவர்கள்தாம்.

சரி, பெரிய பானையில் மாற வேண்டியது என்ன? முதலில் சோற்றின் அளவு. 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு வரும் அபாயம் அதிகம் என்றும், இத்தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருக்கிறது என்றும் அது கூறியது. 450 கிராம் சோறு என்பது நம் வீட்டில் ஒரு வேளைத் தட்டு என்பதை அளந்து பார்த்தால் அறியலாம். சோற்றை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. தட்டில் பாதிக்குக் காய், கால் பங்குக்குப் பருப்போ மீனோ கோழியோ முட்டையோ, மீதிக் கால் பங்குக்குச் சோறு என்று இடத்தை மாற்றினால் போதும். காயையும் கறியையும் முதலில் உண்டுவிட்டுச் சோற்றைப் பின்னால் எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. பிரியாணிக்குப் பக்கத்தில் நாம் கிண்ணத்தில் வைக்கும் தாளிச்சா உண்மையில் நல்ல உணவு. பருப்பும் கத்தரிக்காயும் சேர்ந்தது. நாம் பிரியாணியை மலையாகவும் தாளிச்சாவை ஓடையாகவும் வைக்கிறோம். தலைகீழாக வைத்துப் பாருங்கள்.

வரகு, சாமை, கேழ்வரகு பற்றி இப்போது எங்கும் பேச்சு. ஐக்கிய நாடுகள் சபையே 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. புதுக்கோட்டைச் சீமையின் வானம் பார்த்த நிலங்களுக்கு இவை புதியவை அல்ல. நம் பாட்டிமார் உண்டவை. ஆயினும் ஓர் எச்சரிக்கை. சிறுதானியமும் மாவுச்சத்துத்தான். கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று இரண்டு சொம்பு குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவு என்ற ஒன்றைத் தானியத்தின் பெயரால் தப்பிவிட முடியாது. தேநீரில் போடும் சீனியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றிக்கொண்டு நிம்மதி அடைகிறார்களே, அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரத்தத்துக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

விருந்தோம்பல் நம் சமுதாயத்தின் அழகு. அது பல நேரங்களில் வற்புறுத்தலாகிவிடுகிறது. 'ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. என் கையால் ஒரு வாய்' என்று பிரெட் அல்வாவை நீட்டுகிறவர் அன்பினால்தான் நீட்டுகிறார். மறுப்பவர் அவமதித்தவராகிறார். ஆண்டில் ஒரு நாளாக இருந்தால் பாதகமில்லை. நிக்காஹ், வலீமா, வீடு குடிபுகுதல், ஹஜ்ஜுப் பயணம் வழியனுப்புதல் என்று அந்த 'ஒரு நாள்' வாரந்தோறும் வருகிறது. விருந்தாளி வேண்டாமென்று சொன்னால் மறுமுறை கேட்காமல் இருப்பதும் உபசாரத்தில் ஒரு பகுதி என்று நம் வீடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். சுண்டலும், கொய்யாத் துண்டும், சீனி போடாத சுக்குக் காபியும் விருந்துப் பொருள்களாக ஏன் இருக்கக் கூடாது?

இனி, அதிகம் பேசப்படாத ஒன்றைப் பேச வேண்டும். வீட்டில் ஆண்மகனுக்கு நீரிழிவு வந்தால் மனைவி அவருக்கென்று சமைக்கிறாள். மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள். நடக்கச் சொல்லி விரட்டுகிறாள். மனைவிக்கு வந்தால் யார் சமைக்கிறார்கள்? அவளே எல்லோருக்கும் சமைத்துவிட்டு, எல்லோரும் உண்டபின், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று அதையும் சேர்த்து உண்கிறாள். உணவை வீணாக்கலாகாது என்பது நல்ல கொள்கை. ஆனால் அந்தக் கொள்கைக்கு ஒரு பெண்ணின் இரத்தக் குழாய்கள் விலையாகக் கூடாது. மிச்சம் வராமல் குறைவாகப் பரிமாறுவதே அதற்கு வழி. கருவுற்ற காலத்தில் சர்க்கரை ஏறி, பிள்ளை பிறந்தவுடன் சரியாகிவிட்ட பெண்களுக்குப் பின்னாளில் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளைப்பேறு முடிந்ததோடு அதை மறந்துவிடுகிறோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்கள் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்காக அழைத்துச் செல்வது கணவரின் கடமை.

நடை என்று வந்தால் பெண்கள் எங்கே நடப்பது என்ற கேள்வியும் எழுகிறது. நியாயமான கேள்விதான். மொட்டை மாடி இருக்கிறது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் வெறிச்சோடிக் கிடக்கும் தெரு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வர் சேர்ந்தால் அச்சமுமில்லை. வாரத்தில் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரைமணி நேரம், மூச்சு சற்று வாங்குமளவுக்கு நடப்பது மருத்துவ உலகம் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதோடு ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் உலாவினால், உண்ட சோற்றிலிருந்து வரும் சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. இஷாத் தொழுகைக்கு முன்பே இரவு உணவை முடித்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு வாகனத்தில் போகாமல் நடந்து போய் வருபவருக்கு இந்தப் பத்து நிமிடம் தானாகவே கிடைத்துவிடுகிறது. தெருக்கோடியில் உள்ள பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்களைப் பார்க்கையில், அவர்களுடைய அத்தாமார் சீட்டு நினைவுக்கு வருகிறது.

கால்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீரிழிவு நாளானால் பாதங்களில் உணர்ச்சி குறைந்துபோகும். சித்திரை வெயிலில் சித்தன்னவாசல் பாறைமேல் வெறுங்காலோடு நின்றால் மற்றவர் துள்ளிக் குதிப்பார். உணர்ச்சி குறைந்தவர் நின்றுகொண்டே இருப்பார். மாலையில் காலுறை நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் கொப்புளம் உடைந்ததை அறிவார். அந்தப் புண் ஆறாமல் அழுகி, விரலையோ காலையோ எடுக்கும்படியாவது எத்தனை குடும்பங்களில் நேர்ந்திருக்கிறது! குன்றின் மேல் ஏற வேண்டியதில்லை. கோடைகால ஜும்ஆவில் பள்ளிவாசலின் திறந்த முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹவுளு வரை நடந்தாலே போதும். ஜமாஅத் நிர்வாகிகள் அந்த இடத்தில் ஒரு பாயோ கோணியோ விரித்து வைத்தால் பெரிய உதவி. நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. நாளைக்கு ஐந்து முறை ஒளுச் செய்து, விரலிடுக்கு உட்படப் பாதங்களைக் கையால் தேய்த்துக் கழுவுகிறவர்கள் நாம். நோயாளிகளைத் தினம் ஒருமுறை பாதத்தைப் பார்க்க வைப்பதற்கே மருத்துவர்கள் படாதபாடு படுகின்றனர். கழுவும்போதே வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் உண்டா என்று பார்த்துவிடலாம். கழுவிய பின் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த மட்டும் மறக்கலாகாது; ஈரம் தங்கினால் அங்கே புண் பிடிக்கும்.

தேனைப் பற்றியும் கருஞ்சீரகத்தைப் பற்றியும் எழுதாமல் விட்டால் இக்கட்டுரை முழுமையாகாது. இரண்டையும் நாம் மதிக்கிறோம். மதிப்பதற்கு நம் மார்க்கத்தில் ஆதாரம் இருக்கிறது. ஆயினும் அந்த மதிப்பை வைத்தே, 'மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள்' என்று விற்பனை செய்கிறவர்கள் பெருகிவிட்டனர். தேனில் இருப்பதும் சர்க்கரையே. நீரிழிவு உடையவர் குடித்தால் இரத்தத்தில் அது ஏறும். கருஞ்சீரகம் உணவில் சேரலாம். மாத்திரையின் இடத்தில் அது அமர முடியாது. எந்த நோய்க்கும் மருந்து உண்டு, ஆகவே சிகிச்சை பெறுங்கள் என்று வழிகாட்டியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இந்நோயைப் பற்றித் தம் மருத்துவப் பெருநூலில் எழுதிய இப்னு சீனா நம் முன்னோர். அந்த வழியில் வந்தவர்கள் பாட்டிலில் அடைத்த வாக்குறுதிகளை நம்பி மருத்துவரைக் கைவிடுவது பொருத்தமன்று.

வாழ்க்கை முறையை மாற்றினால் மாத்திரையே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நேரான விடை: சிலருக்கு அப்படி ஆகியிருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், நோய் கண்டு ஆறாண்டுக்கு உட்பட்ட, உடல் பருத்த நோயாளிகள் மருத்துவர் மேற்பார்வையில் மிகக் குறைந்த உணவில் சில மாதங்கள் இருந்து எடையைக் குறைத்தனர். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினர் மாத்திரையின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தனர். எடை மீண்டும் ஏறினால் நோயும் மீண்டுவிடக்கூடும். ஆகவே மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. பக்கத்து வீட்டாரின் அனுபவத்தைக் கேட்டு நாம் எடுக்க வேண்டியது அன்று. செலவை நினைத்து மருந்தை விடுவோரும் உளர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்படுகின்றன. கதவைத் தட்டுகிற பணியாளரிடம், வீட்டில் ஆண்கள் இல்லையென்று சொல்லி அனுப்பிவிடாமல், பெண்களும் கையை நீட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ரமளான். நீரிழிவு வந்த முஸ்லிமின் மனத்தில் எழும் முதற் கவலையே, இனி நோன்பு வைக்க முடியுமா என்பதுதான். நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் கணக்கிட்டு நிறைவு செய்யலாம் என்ற சலுகையைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே அளித்திருக்கிறது. பின்னரும் முடியாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம். ஆயினும் நம் பெரியவர்கள் அச்சலுகையைக் கையேந்தி வாங்கும் பிச்சையைப் போல் கருதிக் கூசுகின்றனர். இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட நீரிழிவாளரிடம் 2001இல் நடத்திய ஆய்வு, பொதுவகை நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது பதினைந்து நோன்பாவது வைத்தனர் என்று கண்டது. அம்மாதத்தில் அவர்களுக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்துபோய் ஆபத்துக்குள்ளாவது மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. உணர்ச்சியால் மட்டும் தீர்க்கிற விஷயம் அன்று இது.

எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. உணவொழுங்காலும் மெட்ஃபார்மின் போன்ற மாத்திரையாலும் கட்டுக்குள் இருப்பவர் பலர், மருத்துவர் ஒப்புதலோடு நோன்பு வைக்க முடிகிறது. இன்சுலின் போடுகிறவர், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்கிறவர், சிறுநீரகம் பழுதுற்றவர், கருவுற்ற நீரிழிவுப் பெண் ஆகியோரின் நிலை வேறு. எனவே ரஜப் மாதத்திலேயே மருத்துவரிடம் சென்று, நோன்புக்கு ஏற்ப மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறை பார்த்த இரவு ஓடுவது பயனற்றது. நோன்பில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறிவதில்லை என்பது மார்க்க அறிஞர்கள் சொல்லும் தீர்ப்பு. ஆகவே அச்சமின்றிச் சோதிக்கலாம். அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ, 300க்கு மேலே ஏறினாலோ, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் கண்டாலோ, மஃக்ரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் அந்த நோன்பை விட்டுவிட வேண்டும். 'இன்னும் பத்து நிமிடம்தானே' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லக் கூடாது. உயிரை ஆபத்தில் தள்ளுவதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது.

ஸஹரை இயன்றவரை பிந்தி உண்பது நபிவழி. நீரிழிவாளருக்கு மருத்துவர் சொல்வதும் அதுவே. ஸஹர் இல்லாமல் வைக்கும் நோன்பு இவர்களுக்கு ஆகாது. நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழம் ஒன்று, நிறையத் தண்ணீர் என்று தொடங்கலாம். ரோஸ் மில்க், சர்பத்து, சமோசா, வடை என்று பகல் முழுவதும் ஒதுக்கியதை ஒரு மணி நேரத்தில் ஈடுகட்டுவதால்தான் ரமளான் முடிந்ததும் பலருடைய எச்.பி.ஏ.1சி. ஏறியிருக்கிறது. தராவீஹ் தொழுகையின் நிற்றலும் குனிதலும் எழுதலும் நல்ல உடல் அசைவு. அதை நம்பிப் பகலில் வேறு கடும் பயிற்சி செய்ய வேண்டியதில்லை.

பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி ஊருக்கே பொதுப் பானை. அதற்கென அரசு பச்சரிசி வழங்கி வருகிறது. ஏழை, செல்வர், நோயாளி எல்லோரும் ஒரே தேக்சாவிலிருந்து வாங்கிச் செல்கின்றனர். அந்தத் தேக்சாவில் அரிசியைச் சற்றுக் குறைத்து, பாசிப்பருப்பையும் வெந்தயத்தையும் கூட்டி, கேரட்டும் பீன்ஸும் நறுக்கிப் போட்டு, தேங்காய்ப்பாலை அளவாக விட்டால், சுவையில் குறைவு வராது. நீரிழிவாளர் ஒரு கோப்பை அளவோடு எல்லோருடனும் சேர்ந்து குடித்து எழுந்திருக்க முடியும். ஷஃபான் மாதத்தில் கஞ்சிக் கணக்குப் போடக் கூடும் ஜமாஅத் கூட்டத்தில் இதை யாரேனும் ஒருவர் எழுந்து சொல்லுங்கள். சமையற்காரப் பாய் முதலில் முகம் சுளிப்பார். ஒரு நாள் காய்ச்சிப் பார்க்கச் சொல்லுங்கள்.